டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு நண்பர் போன் பண்ணினார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த நேரத்தில் யாரையும் எழுப்புகிற ஆசாமி அல்ல.

"கம்ப்யூட்டர் வர மாட்டேங்குது. உள்ளேருந்து டிக் டிக்னு பல்லி கத்தற மாதிரி ஒரு சத்தம்."

"உடனே ஆஃப் பண்ணுங்க சார். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீங்க. பேக்கப் இருக்குல்ல?"

"அதெல்லாம் கவலை இல்லை. முக்கியமானது எல்லாத்தையும் டி டிரைவ்ல போட்டு வெச்சிருக்கேன். பத்திரமா."

"உள்ளே எத்தனை ஹார்ட் டிஸ்க்?"

"ஒண்ணுதான். அதுலதான் சி, டி, ஈ, எஃப் நாலும்."

கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. அவரே, "என்ன, லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

டி-யில் பத்திரமாக இருந்தது அவருடைய அப்பாவின் குரல். பேரப்பிள்ளைகளுக்குப் பெரியவர் கதை சொன்னதைப் பதினொரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். நடுநடுவே இருமல், யாரோ காபி கொண்டுவந்து வைக்கிற டம்ளர் சத்தம் எல்லாம் சேர்த்து. 2009-இல் நண்பர் ஒரு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் எம்.பி.3 ஆக்கினார். ஆக்கி முடித்ததும், 'இனிமே இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு' என்று கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஒரு வாக்கியத்தின் மேல்தான் கோபம். "ஓ.எஸ். சி-ல இருக்கட்டும் சார். உங்க ஃபைலெல்லாம் டி-ல போட்டுக்குங்க, சேஃப்." கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கியவர்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டிருப்பீர்கள். கடையில் சொன்னதை வீட்டுக்கு வந்த சர்வீஸ் தம்பி சொன்னார், அவர் சொன்னதை நாம் மைத்துனருக்குச் சொன்னோம், மைத்துனர் அலுவலகத்தில் சொன்னார். இன்றைக்கு அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தால் தொலைந்த கல்யாண ஆல்பங்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் எண்ண ஆரம்பித்தால் ராத்திரி தூக்கம் வராது.

பார்ட்டிஷன் என்றால் என்ன? நம் ஊருக்குத் தெரிந்த வார்த்தை, பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி சண்டையில் கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழுப்புகிறார்கள். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. ஆனால் அஸ்திவாரம் ஒன்று, உத்தரம் ஒன்று, கூரை ஒன்று. அண்ணன் பக்கம் அடுப்பு புகைந்தால் தம்பி பக்கம் கண் எரியாமல் இருக்கலாம். வீடே தீப்பிடித்தால் சுவர் என்ன செய்யும்? ஹார்ட் டிஸ்க்கில் இந்தச் சுவர்கூடக் கிடையாது. 'இத்தனாவது எண்ணிலிருந்து இத்தனாவது எண் வரை சி, அதற்கப்புறம் டி' என்று டிஸ்க்கின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். சி-யைப் படிக்கிற அதே ஊசிதான் டி-யையும் படிக்கிறது. ஊசி போனால் நாலு எழுத்தும் ஒன்றாகப் போகும்.

அந்தக் குறிப்பின் கதை சுவாரஸ்யமானது. 1983-இல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்ற மாடலைக் கொண்டுவந்தது. அதில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க். (ஆமாம், பத்து. இப்போது செல்போனில் எடுக்கிற மூன்று படத்துக்கே அது நிறைந்துவிடும்.) ஏ, பி இரண்டையும் ஃப்ளாப்பிகள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டதால் ஹார்ட் டிஸ்க்குக்கு சி. கூடவே வந்த டாஸ் 2.0-இல்தான் பார்ட்டிஷன் அட்டவணை பிறந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில், ஒரு ஓரமாக 64 பைட். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நாலு பேருக்கு இடம். எதற்காக நாலு? ஒரே டிஸ்க்கில் டாஸ் ஒரு பக்கம், வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் இன்னொரு பக்கம் என்று சண்டையில்லாமல் குடியிருப்பதற்காக. உங்கள் ஃபைலின் பாதுகாப்பு என்பது அந்த ஏற்பாட்டை வகுத்தவர்களின் நோக்கத்திலேயே இல்லை.

பிறகு வந்த டி-யும் ஈ-யும்கூடப் பாதுகாப்புக்காக வந்தவை அல்ல, டாஸின் இயலாமையால் வந்தவை. அன்றைய டாஸுக்கு ஒரு பார்ட்டிஷனில் 32 எம்.பி.க்கு மேல் எண்ணத் தெரியாது. 40 எம்.பி. டிஸ்க் வாங்கினால் வெட்டியே ஆகவேண்டும். அந்த வரம்பு எண்பதுகளின் கடைசியில் போனது, அடுத்து 2 ஜி.பி. என்று புது வரம்பு வந்தது. அதற்குள்ளேயும் ஒரு வேடிக்கை: 2 ஜி.பி. பார்ட்டிஷனில் ஒரு வரி கடிதத்தைச் சேமித்தாலும் 32 கே.பி. இடம் பிடிக்கும். ஒரு கருவேப்பிலைக் கொத்துக்கு ஒரு கோணிப்பை. பார்ட்டிஷனைச் சின்னதாக வெட்டினால் பை சின்னதாகும், இடம் மிச்சமாகும். ஆக, தொண்ணூறுகளில் வெட்டியவர்கள் புத்திசாலிகள்தான். 1996-இல் ஃபேட்32 வந்தது, பிறகு எக்ஸ்.பி. காலத்தில் என்.டி.எஃப்.எஸ். வீட்டுக்கு வீடு வந்தது. அதில் பை சாதாரணமாக 4 கே.பி.தான். வெட்டுவதற்கான காரணம் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கத்தி மட்டும் கையிலேயே இருக்கிறது.

நியாயமாகப் பேசவேண்டும். 'டி-யில் போடு' என்பதற்கு ஒரு காலத்தில் ஒரு பலன் இருந்தது. விண்டோஸ் 98 வருஷத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொள்ளும். சர்வீஸ் தம்பி வந்து சி-யை ஃபார்மட் அடிப்பார். டி-யில் இருந்தது பிழைக்கும். ஆக, அது ஒரே ஒரு வியாதிக்கான மருந்து. விண்டோஸ் படுத்தால் கேட்கும். டிஸ்க் செத்தால், லேப்டாப் திருடு போனால், தண்ணீர் கொட்டினால் கேட்காது. 2017 மே மாதம் வான்னக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் புகுந்தபோது சி, டி என்று பேதம் பார்க்கவில்லை. கண்ணில் பட்ட டிரைவ் அத்தனைக்கும் பூட்டுப் போட்டுப் பணம் கேட்டது. காய்ச்சல் மாத்திரையைப் பாம்புக்கடிக்கும் கொடுப்பதுதான் நம் பிரச்னை.

சரி, பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதலாவது இல்லாமல் இருக்கலாமே என்றால், அதுவும் இல்லை. 1 டி.பி. டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். (விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. ஏமாற்று இல்லை.) அதைக் கடையில் சி-க்கு 100, மீதியை மூன்று சம பங்கு என்று கேக் மாதிரி வெட்டிக் கொடுப்பார்கள். நீங்கள் யார், என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கும் அதே வெட்டு, டேலி போடுகிறவருக்கும் அதே வெட்டு.

ஆறு மாதத்தில் சி சிவப்பாகிவிடும். ஏனென்றால் புரோகிராம்கள், விண்டோஸ் அப்டேட், பிரௌசரின் குப்பை, டெஸ்க்டாப்பில் நாம் போடுகிற அத்தனையும் இயல்பாகப் போய் உட்காருவது சி-யில்தான். அந்தப் பக்கம் எஃப் டிரைவ் கல்யாண மண்டபம் மாதிரி காலியாகக் கிடக்கும். அந்த இடத்தை எடுத்து சி-க்குக் கொடுக்கலாமே என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், 'எக்ஸ்டெண்ட்' என்ற வார்த்தை மங்கலாக இருக்கும். சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலி இடம் இருந்தால்தான் அது கொடுக்கும். அங்கே டி உட்கார்ந்திருக்கிறது. டி-யை நகர்த்தத் தனி மென்பொருள் வேண்டும். நகர்த்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த டி-யை மறந்துவிடலாம்.

இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் லேப்டாப் கம்பெனிகள் செய்தது. ஒரு காலத்தில் லேப்டாப்போடு ரிகவரி சி.டி. தருவார்கள். பிறகு அதில் சில ரூபாயை மிச்சம் பிடிக்க நினைத்து, அதை டிஸ்க்கிலேயே ஒரு மறைவான பார்ட்டிஷனாகப் போட்டார்கள். டிஸ்க் கெட்டால் காப்பாற்றுவதற்கான சாமான் அதே டிஸ்க்குக்குள். வீட்டைப் பூட்டி சாவியைச் சாமி அறையில் வைத்துவிட்டு வெளியூர் போவது மாதிரி. 'நீங்களே ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு பெட்டி திரையில் வரும். நாம் 'அப்புறம்' என்று அமுக்கியிருப்போம். அத்தனை பேரும் அமுக்குவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

மைக்ரோசாஃப்ட்டே இந்த விஷயத்தில் ஒழுங்காகத் திட்டம் போடவில்லை என்பதற்கு 2024 ஜனவரியே சாட்சி. விண்டோஸ் 10-க்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. அது ஏறுவதற்கு ரிகவரி பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலி இடம் வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் அவ்வளவு இடம் இல்லை. அந்தப் பார்ட்டிஷனை அந்த அளவுக்கு வைத்தது பெரும்பாலும் யார்? விண்டோஸ் இன்ஸ்டாலேஷனே! அப்டேட் தோல்வி, தோல்வி என்று ஒவ்வொரு மாதமும் புரியாத எண்ணோடு சொல்லிக்கொண்டிருந்தது. பரிகாரம் என்ன சொன்னார்கள்? கறுப்புத் திரையைத் திறந்து, கமாண்டுகளைக் கையால் அடித்து, சி-யைச் சுருக்கி, ரிகவரி பார்ட்டிஷனை அழித்து, பெரிதாகத் திரும்ப உருவாக்குங்கள். தானாகச் சரியாகிற அப்டேட் எதுவும் வராது என்றும் பிறகு சொல்லிவிட்டார்கள். என் நண்பரைப் போன்ற ஒருவர் அந்தக் கறுப்புத் திரையில் ஒரு எண்ணை மாற்றி அடித்தால் அழிவது வேறு பார்ட்டிஷனாக இருக்கும். உலகத்தின் மிகப் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று, தன் வேலையை நம் தலையில் கட்டிய அழகு இது.

இன்னொரு பழைய கதையும் உண்டு. 'டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே டி-க்குத் திருப்பிவிடுங்கள்' என்பது விவரம் தெரிந்தவர்கள் தரும் யோசனை. தப்பான யோசனை இல்லை. ஆனால் 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் ஒன்று வந்தபோது அடி வாங்கியவர்களில் இவர்கள் இருந்தார்கள். ஃபோல்டரைத் திருப்பிவிட்டு, பழைய இடத்தில் கொஞ்சம் ஃபைல்களை அப்படியே விட்டிருந்தவர்களின் பழைய ஃபோல்டரை, 'காலி நகல்தானே' என்று அப்டேட் துடைத்துப் போட்டது. சில நாட்களில் அப்டேட்டை நிறுத்தி, நவம்பரில் திருத்தி வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு என்றார்கள். இருக்கலாம். அந்தக் குறைவானவர்களில் எத்தனை பேர், 'நான்தான் டி-க்கு மாற்றிட்டேனே' என்று நிம்மதியாக இருந்தார்களோ.

லினக்ஸ்காரர்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள். இருங்கள், உங்களிடமும் வருகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனதில், பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடலாமே என்று நிறைய பேர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வாசலிலேயே ஒரு குருநாதர் நிற்பார். ரூட்டுக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று, யு.எஸ்.ஆர்-க்கு ஒன்று, வார்-க்கு ஒன்று, டெம்ப்-புக்கு ஒன்று, ஹோம்-முக்கு ஒன்று, ஸ்வாப் ராமைப் போல் இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டால், 'அதுதான் யூனிக்ஸ் முறை' என்பார்.

யூனிக்ஸ் முறையா? எழுபதுகளின் தொடக்கத்தில் பெல் லேபில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை எழுதியபோது, முதல் டிஸ்க் நிறைந்துபோய், மிச்சம் இரண்டாவது டிஸ்க்கில் வழிந்தது. அந்த இரண்டாவது டிஸ்க்தான் யு.எஸ்.ஆர். இடப் பற்றாக்குறைக்குச் செய்த ஒட்டு வேலை. நாற்பது வருஷம் அதற்குத் தத்துவ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2012-இல் ஃபெடோரா 17 அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. ஸ்வாப் சங்கதியும் அப்படித்தான். ராம் 16 எம்.பி. இருந்த காலத்து இரட்டை மடங்கு விதியை 16 ஜி.பி. ராமுக்கும் சொன்னால் 32 ஜி.பி. சும்மா கிடக்கும். உபுண்டு 2017-லேயே தனி ஸ்வாப் பார்ட்டிஷனை விட்டுவிட்டு ஒரு ஃபைலாகப் போட ஆரம்பித்துவிட்டது.

ஊருக்கெல்லாம் மெயில் அனுப்புகிற சர்வரில் வார்-ஐத் தனியாகப் பிரிப்பதில் அர்த்தம் உண்டு. ராத்திரி ஏதோ ஒரு புரோகிராம் வெறிபிடித்து லாக் எழுதித் தள்ளினாலும் அந்தத் தொட்டி மட்டும் நிறையும், சிஸ்டம் மூச்சுமுட்டாது. ஆனால் உங்கள் வீட்டு மேஜையில் இருப்பது சர்வர் இல்லை. வீட்டுக்கு அதிகபட்சம் ரூட் ஒன்று, ஹோம் ஒன்று. ஹோம் தனியாக இருந்தால் நாளைக்கு வேறு லினக்ஸ் போட்டாலும் ஃபைலைத் தொடவேண்டியதில்லை. அந்த வசதிக்காக. பாதுகாப்புக்காக என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பூட் ஆவதற்கான சின்னப் பார்ட்டிஷனை இன்ஸ்டாலரே பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் என்றால் அதுவும் வேண்டாம், ஒரே சி போதும்.

எஸ்.எஸ்.டி. வந்த பிறகு மிச்சமிருந்த காரணமும் போயிற்று. சுழலும் டிஸ்க்கில் வெளிவட்டம் வேகம், அதனால் சி-யை முதலில் வைத்தால் லாபம் என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். எஸ்.எஸ்.டி.யில் வட்டமும் இல்லை, ஓரமும் இல்லை. எந்தத் தகவலை எந்தச் சில்லில் எழுதுவது என்பதை அதற்குள் இருக்கும் கண்ட்ரோலர் அவ்வப்போது தீர்மானிக்கிறது, மாற்றுகிறது. நீங்கள் டி-யில் போட்டதும் சி-யில் போட்டதும் உள்ளே பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம். அதுவுமில்லாமல், சுழலும் டிஸ்க்காவது சாகும் முன் பல்லி மாதிரி கத்தும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும்.

அப்படியானால் திட்டமே வேண்டாமா? வேண்டும். ஆனால் திட்டத்தின் முதல் கேள்வி 'எத்தனை பார்ட்டிஷன்?' என்பதல்ல. 'இதில் எது போனால் திரும்ப வராது?' என்பது. விண்டோஸ் போனால் திரும்பப் போடலாம். ஆபீஸ், ஃபோட்டோஷாப், சினிமா, பாட்டு எல்லாம் எங்கேயாவது கிடைக்கும். திரும்ப வராதது பெரும்பாலான வீடுகளில் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். அது இன்னொரு பெட்டியில் இருக்கவேண்டும். இன்னொரு எழுத்தில் அல்ல, கையில் தூக்கிப் பார்க்கிற மாதிரி இன்னொரு பெட்டியில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வெளியே செருகுகிற ஒரு ஹார்ட் டிஸ்க்கின் விலை ஒரு சுமாரான செல்போன் விலையில் பாதிகூட வராது. காப்பி எடுத்ததும் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் வான்னக்ரையின் தம்பிகளுக்கு அதுவும் இன்னொரு டி டிரைவ்தான். 'நான் கிளவுடில் போட்டிருக்கிறேன்' என்பவர்களும் அது காப்பியா, வெறும் பிரதிபலிப்பா என்று பார்த்துக்கொள்ளவும். இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிறது என்றால், அது கண்ணாடி, பெட்டி அல்ல. குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும், அவ்வளவுதான்.

எடுத்த காப்பியை ஒரு தடவையாவது திறந்து பார்க்கவும். பிக்ஸார் கம்பெனியில் 1998-இல் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் தப்பான இடத்தில் அழிக்கிற கமாண்டைக் கொடுத்துவிட்டார். வேலை செய்துகொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே பொம்மைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பதறவில்லை, பேக்கப் இருந்தது. எடுத்துப் பார்த்தால் பேக்கப் கொஞ்ச காலமாகவே ஒழுங்காக ஓடவில்லை! படத்தைக் காப்பாற்றியது கேலின் ஸஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டர். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக ஒரு பிரதி எடுத்துப் போயிருந்தார். அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, காரில் மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்கள். பெரிய ஸ்டூடியோ, எத்தனையோ இன்ஜினீயர்கள். பிழைத்தது வேறொரு வீட்டில் இருந்த ஒரு பெட்டியால்.

நண்பரின் டிஸ்க்கைத் தகவல் மீட்கிற இடத்துக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து, ஊசி தட்டை உரசிவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை காலை ஏழு மணி. கும்பகோணத்தில் இருக்கும் தங்கையிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "அண்ணா, அப்பா கேசட்ல நாலை நீங்கதானே எனக்கு அப்பவே டப் பண்ணிக் கொடுத்தீங்க? டிரங்குப் பெட்டியில இருக்கே" என்றாராம் அந்த அம்மாள்.

"நாளைக்கே பஸ் ஏறறேன்" என்றார்.

"போங்க சார். ஆனா வந்ததும் எம்.பி.3 ஆக்கிட்டு எங்கே வைப்பீங்க?"

"புது லேப்டாப் வந்திருக்கு. கடையில கேட்டேன். சி, டி ரெண்டா பிரிச்சே கொடுத்திருக்காங்க..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.